பனி வீட்டில் ஓர் இரவு

ஆண்டினை ஆறு பருவங்களாகப் பகுத்த நம் முன்னோர், அவற்றுள் இரண்டுக்கு முன்பனி என்றும் பின்பனி என்றும் பெயரிட்டனர். ஆயினும் தென்னாட்டில் பனி என்றால், மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியே நம் நினைவுக்கு வரும். வானத்திலிருந்து பஞ்சுபோல இறங்கி, இடுப்பளவு குவிந்து, பாதைகளை மூடிவிடும் வெண்பனிக்கும் அதே சொல்லைத்தான் வழங்குகிறோம். வடநாட்டில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தினரில் பலர் இந்த இரண்டாவது பனியைப் படத்தில்தான் கண்டிருப்பர். சிம்லாவுக்குச் சென்று வருகிறவர்களும், ஒரு மணி நேரம் பனியில் விளையாடிவிட்டு, புகைப்படம் எடுத்துக்கொண்டு, ஓட்டல் அறைக்குத் திரும்பிவிடுவதே வழக்கம். அந்தப் பனியையே அள்ளிக் குவித்து, குடைந்து வீடாக்கி, அதனுள் ஓர் இரவு தங்கிவந்த அநுபவத்தை இங்கே கூற முற்படுகிறோம்.

நாங்கள் ஐவர். மூவர் டில்லியில் ரயில்வே அலுவலகக் குமாஸ்தாக்கள். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, முப்பது வயதைக் கடந்தவர்கள். நாலாமவர் பூகோள ஆசிரியர். ஐந்தாமவர் நாகர்கோவிலிலிருந்து சென்ற ஆண்டு பார்சல் அலுவலக வேலைக்கு வந்துசேர்ந்த இருபத்துமூன்று வயது இளைஞர். எங்களுக்கெல்லாம் அவர் “தம்பி”.

இந்தப் பிரயாணத்துக்கு வித்திட்டது ஒரு மாணவனின் கேள்வி. வடதுருவத்தை அடுத்த நாடுகளில் வாழும் இன்யூட் மக்கள் வேட்டைக்குச் செல்லும்போது பனிக் கட்டிகளை அறுத்து, வட்டமாக மேலே மேலே அடுக்கி, கவிழ்த்த கிண்ணம் போன்ற இக்லூ என்னும் குடிலை அமைப்பதை ஆசிரியர் வகுப்பில் விளக்கினாராம். “ஐயா, பனிக்குள்ளேயே இருந்தால் குளிராதா?” என்று ஒரு பையன் கேட்டுவிட்டான். புத்தகத்தில் உள்ள விடையை ஆசிரியர் கூறினார்; பையன் நம்பவில்லை. ஆசிரியருக்கே முழு நம்பிக்கை இல்லை போலும். “நேரில் பார்த்துவிடுவோமே” என்று அவர் எங்களிடம் கூறியபோது, நாங்களும் இசைந்தோம்.

தம்பியின் அன்னையார்தாம் எளிதில் இசையவில்லை. டில்லியின் தை மாதக் குளிரே அவருக்கு மிகை. புறப்படும் அன்று, புளியோதரைப் பொட்டலங்களை எங்கள் கையில் கொடுத்து, “உங்களை நம்பித்தான் அனுப்புகிறேன். பிள்ளையைப் பத்திரமாய்க் கூட்டி வாருங்கள்” என்றார். அந்தச் சொல் பிரயாணம் முழுவதும் எங்களோடு வந்தது.

இரவில் டில்லியில் ஏறி, விடியுமுன் கால்காவில் இறங்கினோம். அங்கிருந்து சிம்லா வரை மலை ரயில். தொழிற்பாசத்தால் இந்தப் பாதையைப் பற்றி இரண்டொரு சொற்கள் கூறாமல் செல்ல மனம் வரவில்லை. 1903-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இப்பாதையின் தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம் 762 மில்லிமீட்டரே. ஏறக்குறைய 96 கிலோமீட்டர் தூரத்தில் 102 சுரங்கங்கள் உள்ளன. கடல் மட்டத்துக்கு மேல் 656 மீட்டர் உயரத்தில் உள்ள கால்காவில் புறப்படும் வண்டி, 2,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்திலுள்ள சிம்லாவை அடைகிறது. யுனெஸ்கோ 2008-இல் இதனை உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்றது. பரோக் நிலையத்தை அடுத்துள்ள சுரங்கம் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமுடையது.

எழுத்தறிவற்ற பால்கு என்னும் மலைவாசி, தம் கைத்தடியோடு முன் நடந்து, பொறியாளர்களுக்குப் பாதை செல்ல வேண்டிய வழியைக் காட்டினார் என்று இங்கே சொல்கிறார்கள். சிம்லாவிலுள்ள ரயில்வே அருங்காட்சியகம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. மலையில் பிறந்தவன் சொல்லைக் கேட்டு நடப்பதே நலம் என்ற பாடம் அடுத்த நாள் எங்களுக்கும் உதவியது.

சிம்லாவிலிருந்து பேருந்தில் குஃப்ரி, தியோக், மதியானா வழியாக நார்கண்டாவை அடைந்தோம். தூரம் அறுபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். டல்ஹௌசி பிரபு கவர்னர் ஜெனரலாக இருந்தபோது 1850-இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான்-திபெத்துச் சாலை இதுவே. வழியெங்கும் ஆப்பிள் தோட்டங்கள். இலையுதிர்ந்த மரங்கள் பனியில் வரிசையாக நின்றன. நார்கண்டா ஏறத்தாழ 2,700 மீட்டர் உயரத்தில் உள்ள சிற்றூர். அதற்கு மேலே, தேவதாருவும் பிற ஊசியிலை மரங்களும் அடர்ந்த காட்டினூடே சென்றால் ஏறக்குறைய 3,400 மீட்டர் உயரமுள்ள ஹாட்டு சிகரம். கோடையில் மோட்டார் செல்லும் அந்தப் பாதை, பனிக் காலத்தில் நடப்பவர்க்கு மட்டுமே.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் ஐம்பது வயதைக் கடந்த உள்ளூர் விவசாயி. அவரை நாங்கள் “சாச்சாஜி” என்று அழைத்தோம். அவர் எங்களை “பாபுஜி” என்றார். காட்டில் தங்குவதற்கு வேண்டிய அநுமதியை அவரே முன்கூட்டிப் பெற்றிருந்தார். அன்றிரவு அவர் வீட்டிலேயே தங்கினோம். மரச் சட்டங்களையும் கல் வரிசைகளையும் மாற்றி மாற்றி அடுக்கி, சாந்து பூசாமல் எழுப்பிய அத்தகைய சுவரை இப்பகுதியில் காட்-குணி என்கின்றனர். கீழ்த்தளத்தில் மாடுகள், மேல்தளத்தில் மனிதர். மாடுகளின் உடற்சூடும் வீணாகாமல் மேலே வருகிறது.

மறுநாள் காலை மூட்டைகளைச் சுமந்து மலையேறினோம். பதினொரு மணியளவில், சிகரத்துக்குக் கீழே, மூன்று புறமும் மரங்கள் காற்றைத் தடுத்த ஒரு வெளியில் சாச்சாஜி நின்றார். மேலே பனிச்சரிவு உண்டாகக்கூடிய சரிவு ஏதும் இல்லை என்பதையும், பனி தாங்கி முறியக்கூடிய கிளை தலைக்கு நேரே இல்லை என்பதையும் பார்த்துக்கொண்டார். கைத்தடியை ஊன்றினார், அது இடுப்பளவு இறங்கியது. “இங்கே போதும், பாபுஜி” என்றார்.

இக்லூ அமைப்பதற்குக் கத்தியால் அறுக்கத்தக்க, காற்றினால் இறுகிய பனி வேண்டும். ஹாட்டுக் காட்டில் கிடப்பதோ தூள் பனி. கையில் பிடித்தால் உதிர்ந்துவிடும். இத்தகைய பனிக்கு வேறு முறை உண்டு. முதலில் மலைபோலக் குவிப்பது. பிறகு எறும்பு புற்றைக் குடைவதுபோல உள்ளே குடைவது.

பன்னிரண்டடி அகலத்துக்கு ஒரு வட்டம் வரைந்து, அதனுள் இருந்த பனியை முதலில் காலால் மிதித்து இறுக்கினோம். பிறகு ஷவலால் பனியை அள்ளி அதன்மேல் கொட்டலானோம். நீராவி இஞ்சினில் கரி அள்ளிப் போடுவதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தக் கலை எங்களுக்கு எந்த அளவு வரும் என்பது அன்று தெரிந்தது. பத்துக் கை அள்ளினால் மூச்சு வாங்கியது. இரண்டு மணி நேரத்தில் குவியல் ஆள் உயரத்தைக் கடந்தது. மேற்பரப்பை ஷவலின் முதுகால் மெல்லத் தட்டிச் சமன் செய்தோம்.

உடனே குடைய முற்பட்ட தம்பியைச் சாச்சாஜி தடுத்துவிட்டார். குவித்த பனி இறுகுவதற்கு இரண்டு மணி நேரமாவது விட வேண்டும். ஆசிரியர் காரணத்தை விளக்கினார். அள்ளிக் கொட்டும்போது பனித்துகள்கள் உடைந்து, பெரிதும் சிறிதுமாகக் கலக்கின்றன. ஒன்றையொன்று தொடும் இடங்களில் மெல்ல ஒட்டி உறைகின்றன. கொத்தனார் சாந்து காய்வதற்குக் காத்திருப்பதைப் போன்றதே இது. அந்த நேரத்தில் கூடாரம் ஒன்றை அருகே அடித்தோம்; ஆறு பேருக்கும் பனி வீடு போதாது என்பதோடு, அது சரிந்தால் ஒதுங்கவும் இடம் வேண்டும் அல்லவா?

குடிநீருக்கும் பனியே கதி. பாத்திரத்தில் வெறும் பனியை இட்டு அடுப்பேற்றினால் அடி தீய்ந்துவிடும். சிறிது தண்ணீர் ஊற்றி, அதில் பனியைச் சேர்க்க வேண்டும். பாத்திரம் நிறைந்த தூள் பனி உருகினால் அடியில் சிறிதளவு நீரே எஞ்சும். அந்த உயரத்தில் நீர் ஏறக்குறைய 90 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், அரிசி வேக இரு மடங்கு பொறுமை வேண்டும். அம்மையாரின் புளியோதரைக்கு அப்போது நாங்கள் சொன்ன வாழ்த்து டில்லி வரை கேட்டிருக்கும்.

குடைவதற்கு முன், ஓரடி நீளமுள்ள குச்சிகளைக் குவியலின் மேலெல்லாம் செருகினோம். உள்ளிருந்து சுரண்டுகிறவர், குச்சியின் நுனி கண்ணில் பட்டதும் அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். அதனால் சுவர் எங்கும் ஓரடிக் கனம் உடையதாகிறது. வாயில், காற்று வீசும் திசைக்கு எதிர்ப்புறமாக, ஒருவர் தவழ்ந்து செல்லும் அளவே. படுக்கும் திண்ணை வாயிலைவிட உயரமாக இருக்க வேண்டும். குளிர்ந்த காற்று கனமானது. அது தாழ்ந்த வாயில் வழியே வெளியேறிவிட, சூடான காற்று மேலே தங்குகிறது. கூரையின் உட்புறம் வழவழப்பாக வளைந்திருக்க வேண்டும். இல்லையேல் உருகும் நீர் சுவர் வழியே இறங்காமல், உறங்குகிறவர் முகத்தில் சொட்டும்.

உள்ளே ஒருவர் குடைய, வெளியே ஒருவர் அந்தப் பனியை அகற்ற வேண்டும். குடைகிறவர் முழந்தாளிட்டு வேலை செய்வதால் கழுத்திலும் முதுகிலும் பனி விழுந்து உருகும். “மெதுவாகச் செய்யுங்கள், பாபுஜி. இங்கே குளிர் எதிரியல்ல, வியர்வைதான் எதிரி” என்று சாச்சாஜி பலமுறை கூறினார். தம்பியோ, முறை மாறும்போதும் ஷவலைக் கொடுக்க மறுத்து, “இன்னும் கொஞ்சம் அண்ணா, இன்னும் கொஞ்சம்” என்று உள்ளேயே இருந்தார். உற்சாகத்துக்கு அளவில்லை. உடலோடு ஒட்டியிருந்தது பருத்திப் பனியன். ஈரத்தை உறிஞ்சிவைத்துக்கொள்வதில் பருத்திக்கு இணை இல்லை.

ஐந்து மணிக்குக் கதிரவன் மரங்களுக்குப் பின் இறங்கினான். காற்று எழுந்தது. வெளியே வந்து ஒரு மரக்கட்டையில் அமர்ந்த தம்பி நடுங்கத் தொடங்கினார். முதலில் அவரும் சிரித்தார், நாங்களும் சிரித்தோம். சற்று நேரத்தில் அவரால் கோட்டின் பொத்தானைப் போட முடியவில்லை. எழுந்தபோது கால் தடுமாறியது. ஏதோ கேட்டதற்கு, நாக்குக் குழற, “தூக்கம் வருது அண்ணா” என்றார். ஆசிரியரின் முகம் மாறியது. உடற்சூடு குறைந்துவருவதன் அடையாளங்கள் அவை. அந்த நிலையில் ஈர உடையோடு குளிர்காற்றில் உறங்குகிறவர் விழிக்காமலே போய்விடக்கூடும்.

இரண்டு வழிகள் இருந்தன. இருளில், காற்றில், பனிக்குள் பல கிலோமீட்டர் அவரைத் தாங்கிக்கொண்டு கீழே இறங்குவது ஒன்று. அங்கேயே தங்கிச் சூடேற்றுவது மற்றொன்று. எங்களுள் இருவர் இறங்கிவிடவே விரும்பினோம். அந்த அன்னையாரின் முகம் கண்முன் நின்றது. சாச்சாஜி தலையை அசைத்தார். “வழியில் இவருக்கு வீடு இல்லை. வீடு இங்கேதான் இருக்கிறது” என்று, பாதி குடைந்த குவியலைக் காட்டினார்.

பின்னர் யாரும் வாதிடவில்லை. இருவர் தம்பியைக் கூடாரத்துக்குள் அழைத்துச் சென்று, ஈர உடை அனைத்தையும் களைந்து, உலர்ந்த கம்பளி உடைகளை அணிவித்து, தலைக்குக் குல்லாயும் கழுத்துக்கு மப்ளரும் சுற்றினர். ஒருவர் சர்க்கரை மிகுதியாக இட்டுத் தேநீர் காய்ச்சினார். மற்றவரும் சாச்சாஜியும் மாறி மாறிக் குடைந்தனர். கூடாரத் துணி காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது; உள்ளே வைத்த விளக்குச் சுடரும் நிலைகொள்ளவில்லை. அரை மணி நேரத்தில் மூவர் நெருங்கிப் படுக்கும் இடம் உண்டாயிற்று. தரையில் தேவதாருவின் உதிர்ந்த கிளைகளைப் பரப்பி, ரப்பர் விரிப்பை இட்டு, தம்பியை உறக்கப் பையோடு நடுவில் கிடத்தி, இரு பக்கமும் இருவர் அணைத்துப் படுத்தோம். கை கால்களைத் தேய்க்க வேண்டாம் என்றார் ஆசிரியர். அப்படித் தேய்ப்பது தீங்காகவும் முடியலாமாம். பிராந்தி போன்றவையும் கூடாது. அவை சூடேற்றுவதுபோலத் தோன்றி, உள்ளிருக்கும் சூட்டை வெளியேற்றிவிடும். மிடறு மிடறாகத் தேநீர் மட்டும் கொடுத்தோம்.

உள்ளே புகுந்த கணமே காற்றின் ஓசை நின்றுவிட்டது. அவ்வளவு ஆழ்ந்த அமைதியை நாங்கள் அதற்குமுன் அறிந்ததில்லை. ஒரு மெழுகுவர்த்தியின் ஒளி வெண்சுவர்களில் பட்டு, சிறிய கோயிலின் கருவறைபோல இடம் விளங்கியது. அதில் நடுங்கும் அவருடைய பற்களின் ஒலி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் கழித்து அதுவும் நின்றது. அது நன்மைக்கோ தீமைக்கோ என்று நாங்கள் குனிந்து பார்த்தபோது, தெளிவான குரலில், “அண்ணா, ரசம் இருக்கா?” என்றார். வெளியே கூடாரத்தில் இருந்தவர்கள்கூட எங்கள் சிரிப்பொலியைக் கேட்டனராம். ஓரடிச் சுவரைத் தாண்டி அந்த ஓசை எவ்வாறு சென்றதோ!

மாணவனின் கேள்விக்கு விடை அந்த இரவில் கிடைத்தது. பனி வெப்பம் தருவதில்லை. நம்முடைய வெப்பத்தைப் போகவிடாமல் காக்கிறது. புதிதாக விழுந்த தூள் பனியில் பெரும்பகுதி காற்றே. குவித்து இறுகிய பின்னும் துகள்களுக்கு இடையே ஏராளமான காற்று சிறைப்பட்டு நிற்கிறது. டில்லியில் நாம் போர்த்தும் பஞ்சு ரஜாய் எவ்வாறு சூட்டைக் காக்கிறதோ, அவ்வாறே பனிச் சுவரும் காக்கிறது. அமர்ந்திருக்கும் மனிதன் ஒருவன் ஏறத்தாழ 100 வாட் மின்விளக்கு அளவு வெப்பத்தை வெளியிடுகிறான். மூவர் இருந்தால் மூன்று விளக்குகள். ஆசிரியர் கொண்டுவந்த வெப்பமானி, விடியற்காலையில் வெளியே பூச்சியத்துக்குக் கீழ் 11 டிகிரி காட்டியது. உள்ளே பூச்சியத்துக்குக் கீழ் 1 டிகிரி. கூடாரத்தில் வைத்த தண்ணீர் கல்லாக உறைந்திருந்தது.

இவ்வளவு காக்கும் வீட்டிலும் ஓர் ஆபத்து உண்டு. கூரையில் கையளவு காற்றுத்துளை ஒன்று இட்டிருந்தோம். நள்ளிரவுக்குப் பின் புதுப் பனி பெய்யத் தொடங்கியது. துளை அடைபட்டால், உள்ளே இருப்பவர் விடும் மூச்சே அவர்களுக்கு நஞ்சாகிவிடும். ரயில்வே ஊழியர்களுக்கு இரவுப் பணி புதிதல்லவே. இரண்டு மணி நேரத்துக்கு ஒருவராக முறை வைத்து விழித்திருந்து, நீண்ட குச்சியால் துளையைக் குத்தித் திறந்துகொண்டே இருந்தோம். ஷவல் ஒன்றும் உள்ளேயே இருந்தது. வாயில் மூடிக்கொண்டால் வெட்டி வெளியேற வேண்டும். சமையல் அடுப்பை மட்டும் சாச்சாஜி உள்ளே அநுமதிக்கவில்லை. மூடிய இடத்தில் எரியும் அடுப்பு, மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்ஸைடைக் கக்கும். அதற்குப் பலியானவர்கள் தாம் பலியாவதை அறிவதில்லை. டில்லியில் குளிருக்குக் கதவை அடைத்துக் கரியடுப்பு மூட்டும் குடும்பத்தினரும் இதை நினைவில் வைப்பது நன்று.

விடிந்தபோது சுவரே நீல ஒளியாய் மாறியிருந்தது. தம்பிதான் முதலில் எழுந்து தவழ்ந்து வெளியே சென்றார். வானம் தெளிந்திருந்தது, வடக்கே பனிச் சிகரங்கள் வரிசையாக நின்றன. எல்லோரும் மெதுவாக ஹாட்டு சிகரத்தை அடைந்தோம். அங்கே மரத்தாலாகிய ஒரு கோயில் இருக்கிறது. அதில் உறையும் ஹாட்டு மாதா, இராவணன் மனைவி மண்டோதரியே என்பது இவ்வட்டாரத்து மக்களின் நம்பிக்கை. கம்பன் பாடலில் அவள் புலம்பலைக் கேட்டு உருகிய நாம், இலங்கையிலிருந்து இத்தனை தொலைவில், பனி மூடிய மலையுச்சியில் அவளைத் தாயாக வழிபடுவதைக் கண்டு வியந்து நின்றோம். தம்பி தம் அன்னையார் பெயரைச் சொல்லி ஒரு தேங்காய் வைத்தார். நாகர்கோவிலிலிருந்து வந்த தேங்காய் அது.

திரும்பும் வழியில் சாச்சாஜி பனி வீட்டின் கூரையை மிதித்து இடித்துவிட்டார். எங்களுக்கு மனம் வருந்தியது. “வெயிலில் கூரை மெலியும், மேலே ஆடோ பிள்ளையோ ஏறினால் விழுந்துவிடும். தேவை முடிந்தது, பாபுஜி” என்றார். முன்பெல்லாம் இந்த மலையில் பனி உரிய காலத்தில் விழும் என்றும், இப்போது சில ஆண்டுகள் தை பிறந்தும் தரை வறண்டே கிடக்கிறது என்றும், ஆப்பிள் மரங்களுக்கு அந்தக் குளிர் இன்றியமையாதது என்றும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். நமக்கு வேடிக்கையாக உள்ள பனி, அவருக்கு அடுத்த ஆண்டின் சோறு.

இத்தகைய பிரயாணத்தில் விருப்பமுள்ள இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. தனியே செல்ல வேண்டாம். உள்ளூர் வழிகாட்டி இன்றியும் வேண்டாம். உடலையொட்டிப் பருத்தி அணியாமல், கம்பளியோ ஈரம் தங்காத துணியோ அணிக. மாற்றுடை ஒன்றை நனையாமல் காத்துவைக்க. முறையாகக் கற்க விரும்புவோர்க்கு, டார்ஜிலிங்கில் 1954-இல் தொடங்கிய மலையேற்ற நிலையமும், மணாலியிலும் உத்தரகாசியிலும் 1960-களில் தொடங்கிய நிலையங்களும் உள்ளன. குழந்தைகளோடு செல்வோர் நார்கண்டாவில் பகலிலேயே சிறு குவியல் ஒன்றைக் குடைந்து பார்க்கலாம். பெரியவர் ஒருவர் எப்போதும் வெளியே நிற்க வேண்டும்.

டில்லிக்குத் திரும்பியதும் தம்பியை நேரே அன்னையாரிடம் ஒப்படைத்தோம். நடந்ததை ஒளிக்காமல் கூறினோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அந்தப் பெரியவருக்குக் கம்பளி ஒன்று பின்னித் தருகிறேன், அனுப்பிவைப்பீர்களா?” என்று கேட்டார். அது சென்ற மாதம் நார்கண்டாவுக்குப் போய்ச் சேர்ந்தது.